மெர்லீன் வாயை மூடிக்கொண்ட மத்தியானம்

ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்த டாக்டர், மெர்லீன் கிராண்டிசனின் கழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏதாவது பேசுங்கம்மா என்றார். "என்ன பேசறது?" என்றாள் அவள். குரல் தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நர்ஸுக்கும் மெர்லீனின் பாட்டு தெரியும். ஜமைக்காவில் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. கட்டி குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, நரம்பை விட்டுவைத்திருந்தால் கட்டியும் மிச்சம் இருந்திருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொல்லித்தான் அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். பேச்சு போகப் போகக் கொஞ்சம் தெளியும், பாட்டை மட்டும் மறந்துவிடுங்கள் என்றார். மெர்லீன் அவருக்கு நன்றி சொன்னாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கிங்ஸ்டன் வெயிலில் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷத்துக்கு முன்னால், எழுபத்து நாலில், சீருடை தைக்கிற ஃபாக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமைதோறும் டட்லி பின்னக்கின் வாசலில் போய் வரிசையில் நின்றவள் அவள். பின்னக் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பதினோராவது சனிக்கிழமை உள்ளே கூப்பிட்டார். அன்று அவள் பாடிய பாட்டுதான் 'நீந்தி வருவேன்'. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைப் பார்த்து இந்தப் பக்கம் நிற்கிறவள் பாடுவது. கடைசி வரியில் அவள் குரல் மேலே ஏறி, இன்னும் மேலே ஏறி, அங்கேயே மூச்சு விடாமல் நிற்கும். அந்த ஒரு ஸ்வரத்துக்காகவே ஜனங்கள் ரெக்கார்டு வாங்கினார்கள். லண்டனில் பனி பெய்கிறபோதும் டொராண்டோவில் ஹால் ஹீட்டர் வேலை செய்யாதபோதும் அதை அவள் பாடியிருக்கிறாள். நூற்றுமூன்று டிகிரி ஜுரத்தில் பாடியிருக்கிறாள். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள்கூடப் பாடியிருக்கிறாள்.

பிறகு எண்பதுகளில் கம்ப்யூட்டர் தாளமும் வேகவேகமாகப் பேசிப் பாடுகிற பையன்களும் வந்தார்கள். மெர்லீன் மாதிரியானவர்களைப் பழைய பாட்டுக் கச்சேரி என்று சொல்லி வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை கூப்பிட்டார்கள். அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. தையல் மெஷின் வீட்டில்தான் இருந்தது. கூப்பிட்டபோது போய்ப் பாடினாள், அந்த ஸ்வரத்தில் போய் நின்றாள், ஜனங்கள் விசிலடித்தார்கள், வீட்டுக்கு வந்தாள்.

அந்த வருஷம் பாட்டுக்கு இருபது வயது நிறைகிறது என்று பின்னக் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார். மே இருபத்து மூன்று, தொழிலாளர் தினம், மே பென் ஊர் மைதானம். அவளுக்குக் கட்டி இருப்பது தெரிவதற்கு முன்பே போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைப் பார்க்க ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்தார். அவள் பேசினதைக் கேட்டார். சற்று நேரம் மாம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முகம் தெளிந்து, கவலைப்படாதே பேபி, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நாற்பத்தாறு வயதிலும் அவருக்கு அவள் பேபி. அவளுக்கு அவர் மிஸ்டர் பின்னக்.

என்ன பார்த்துக்கொண்டார் என்பது ஒத்திகையில்தான் தெரிந்தது. பாண்ட் முழுக்க வந்திருந்தது. மற்ற பாடகர்களுக்கெல்லாம் வாசித்தார்கள். மெர்லீனின் முறை வந்ததும் பின்னக், பேஸ் கிடார் வாசிக்கிற ஃபிட்ஸ்ராயிடம் ஒயரைப் பிடுங்கிவிடச் சொன்னார். எழுபத்து நாலாம் வருஷத்து டேப்பைச் சத்தமாகப் போடுவார்களாம். பாண்ட் வாசிக்கிற மாதிரி கையை ஆட்ட வேண்டுமாம். மெர்லீன் உதட்டை அசைக்க வேண்டுமாம். தழும்பு தெரியாமல் கழுத்துவரை மூடின கவுன் போட்டுக்கொள்ள வேண்டுமாம். ஜனங்களுக்கு அந்த ஸ்வரம் கிடைத்தால் போதும், அது எங்கிருந்து வருகிறது என்று யார் ஆராயப்போகிறார்கள் என்றார்.

ஃபிட்ஸ்ராய் ஒல்லியான மனுஷர், அதிகம் பேசாதவர். அந்த முதல் ரெக்கார்டிலேயே வாசித்தவர். பிடுங்கின ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு மெர்லீனைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. டேப் ஓடியது. அவள் உதட்டை அசைத்தாள். தன் குரல் தன்னை விட்டுவிட்டு மேலே மேலே போவதைக் கேட்டுக்கொண்டே, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். பின்னக் கை தட்டினார்.

வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஃபிட்ஸ்ராய் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்து, முற்றத்து அக்கிப் பழ மரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"பாடு" என்றார்.

"என்னத்த பாடறது ஃபிட்ஸ்? நீயே கேட்டியே."

"நான் கேட்டது டேப்ப. உன் தொண்டையில என்ன மிச்சம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் தெரியுமா?"

அவளுக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒருநாள்கூட அவள் பாடிப் பார்க்கவில்லை. பயம். பழைய சுருதியில் தொடங்கினாள், முதல் வரியிலேயே குரல் ஒடிந்து காற்றாகப் போயிற்று. ஃபிட்ஸ்ராய் ஒரு கட்டை இறக்கினார். ஒடிந்தது. இன்னும் ஒன்று இறக்கினார். சனியனே, போதும் விடு என்றாள். அவர் காதில் வாங்காமல் இன்னும் இறக்கினார். எந்தப் பெண்ணும் பாடாத ஆழத்தில், ஆண்கள்கூடக் கொஞ்சம் யோசிக்கிற இடத்தில், ஒரு சத்தம் காலை ஊன்றி நின்றது. கரடுமுரடு, ஆனால் நின்றது. மெர்லீன் கண்ணைத் திறந்து ஃபிட்ஸ்ராயைப் பார்த்தாள். அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் தினமும் வந்தார். பக்கத்து வீட்டு மிஸ் பேன்ஸி ஒருநாள் தகர வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏன் மெர்லீன், வீட்ல யாரோ ஒரு ஆளக் கொண்டுவந்து வச்சிருக்கியே, ராத்திரி பகல்னு பாடிக்கிட்டே இருக்கான். வேலைக்குக் கீலைக்குப் போறானா இல்லையா?" என்று கேட்டாள். பாடினது தான்தான் என்று மெர்லீன் சொன்னதும் மிஸ் பேன்ஸியின் தலை வேலிக்குக் கீழே மறைந்தது. மெர்லீன் அன்று சிரித்த சிரிப்பில் தையல் போட்ட இடம் வலித்தது.

அப்புறம் பின்னக்கிடம் போனாள். நான் பாடுகிறேன், டேப் வேண்டாம் என்றாள். பாடிக் காட்டச் சொன்னார். இரண்டு வரி பாடினாள். அவர் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். அவள் தலையைத் தடவிக்கொடுத்து, இந்தக் குரலை வைத்துக்கொண்டு சந்தையில் மீன் விற்கலாம் பேபி, மைதானத்தில் பாடினால் பாட்டிலால் அடிப்பார்கள் என்றார். டேப் ஓடும், நீ வந்து நின்றால் மட்டும் போதும் என்றார்.

"நான் உதட்ட அசைக்க மாட்டேன், மிஸ்டர் பின்னக்" என்றாள் மெர்லீன்.

"மேடையில ஏறினா தானா அசையும்" என்றார் அவர்.

அவள் வழியில் மஞ்சள் துணி வாங்கி, வீட்டுக்குப் போய்த் தைக்க உட்கார்ந்தாள். கழுத்தை நன்றாக இறக்கி வெட்டினாள்.

தொழிலாளர் தினத்தன்று காலையில் ஊர் ஊராக எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்து, சாக்கடை வாரி, வேலி கட்டுவார்கள். அதை முடித்துவிட்டு அப்படியே மைதானத்துக்கு வந்திருந்தார்கள். கையெல்லாம் பெயின்ட், முழங்காலெல்லாம் சேறு. கரும்புத் தோட்டத்து ஆட்கள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு தடித்த பெண்மணி பெரிய அண்டாவில் ஆட்டுத்தலை சூப் வைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். மூன்று பாடகர்கள் பாடி முடித்தார்கள். ஒருவனை ஜனங்கள் ஊ என்று கத்தி நடுப்பாட்டில் இறக்கிவிட்டார்கள். மே பென் இருக்கிற கிளாரண்டன் மாவட்டத்து ஜனங்கள் அந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை.

இரண்டரை மணிக்கு மெர்லீனைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் கவுனில், கழுத்துக்குக் குறுக்கே தழும்பு பளிச்சென்று தெரிய அவள் ஏறி வந்தபோது மேடை ஓரத்தில் நின்ற பின்னக்கின் முகம் சுண்டிப் போயிற்று. ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். டேப் ஓட ஆரம்பித்தது.

மெர்லீன் மைக்குக்கு முன்னால் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றாள். வாயை மூடிக்கொண்டாள்.

இருபத்தாறு வயதுக் குரல் மைதானம் முழுக்கப் பாடியது. அவள் அசையவில்லை. பின்னக் ஓரத்தில் நின்று, அசை, அசை என்று தன் உதட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். முதலில் ஜனங்களுக்குப் புரியவில்லை. ஏதோ வேடிக்கை செய்கிறாள் என்று சிலர் சிரித்தார்கள். சூப் விற்கிற பெண்மணி கரண்டியோடு நிமிர்ந்து, "அடியே, அவ வாயே தொறக்கலடி" என்றாள். அது ஒருவர் வாயிலிருந்து ஒருவருக்குப் போய் மதில்வரை போயிற்று. சிரிப்பு நின்றது. முணுமுணுப்பு எழும்பி ஊளையாயிற்று. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி நிமிர்ந்து நின்றாள்.

கடைசி வரி வந்தது. அந்த ஸ்வரம் மேலே ஏறி, இன்னும் மேலே ஏறி, மூடின வாய்க்கு மேலே தனியாகப் போய் நின்றது. இருபது வருஷம் விசிலடித்த ஜனங்கள் ஒருவரும் விசிலடிக்கவில்லை.

பின்னக் டேப்பை நிறுத்தச் சொல்லிக் கையை வீசினார். டேப் நின்றது. மெர்லீன் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"இப்ப கேட்டீங்களே, அது ஒரு இருபத்தாறு வயசுப் பொண்ணு" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் முன்வரிசையில் இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். "ரொம்ப நல்லாப் பாடுவா. அவ இன்னிக்கு வரல. ரெக்கார்டுல இருக்கா, வீட்டுக்குப் போய் எப்ப வேணாலும் கேட்டுக்குங்க. வந்திருக்கறது நான். கழுத்த அறுத்துக் கட்டிய எடுத்தாங்க, குரல் இப்படி ஆயிடுச்சு. உங்கள ஏமாத்தச் சொன்னாங்க, எனக்கு வரல. இந்தக் குரல்ல பாடப் போறேன். பாட்டில் எறியறவங்க காலி பாட்டிலா எறிங்க. ரம்ம வீணாக்காதீங்க."

நாலு பேர் சிரித்தார்கள். மதில்மேலிருந்து ஒருவன், "கெழவி, எறங்கு" என்று கத்தினான்.

"தம்பி, உங்கம்மா என் பாட்டுக்கு ஆடினதாலதான் நீ பொறந்த. மரியாதையா உக்காரு."

இந்தத் தடவை மைதானமே சிரித்தது. அவன் பக்கத்தில் இருந்தவன் அவன் மண்டையில் ஒன்று போட்டான்.

ஃபிட்ஸ்ராய் ஒயரைப் பொருத்தினார். யாரையும் கேட்கவில்லை. அடியிலிருந்து நாலு தட்டு, தரை அதிர்கிற மாதிரி. டிரம்மர் ஒரு நிமிஷம் பின்னக்கைப் பார்த்தான், அப்புறம் ஃபிட்ஸ்ராயைப் பார்த்தான், அப்புறம் குச்சியை எடுத்தான்.

மெர்லீன் பாடினாள். அதே பாட்டு, அதே வரிகள். ஆனால் முன்பு அக்கரையில் நிற்கிறவனைக் கொஞ்சிக் கூப்பிட்ட பாட்டு, இப்போது ஆற்றைப் பார்த்துப் பேசுகிற பாட்டாகிவிட்டது. நீந்தி வருவேன் என்றால் வந்தே தீருவேன் என்று கேட்டது. இரண்டு இடத்தில் குரல் ஒடிந்தது. ஒடிந்ததை அவள் மறைக்கவில்லை, நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வார்த்தையைப் பிடித்தாள். மதில் பக்கம் ஊ என்று கத்திக்கொண்டேதான் இருந்தார்கள். கடைசி வரி வந்ததும் ஜனங்கள் பழக்கதோஷத்தில் தலையை மேலே தூக்கினார்கள். அவள் கீழே போனாள். படி படியாக இறங்கி, நெஞ்சுக்கும் கீழே எங்கோ போய், ஒரு உறுமலில் நின்றாள். மூச்சு இருக்கிறவரை நின்றாள்.

முதலில் சத்தம் போட்டது சூப் அண்டாதான். அந்தப் பெண்மணி மூடியை எடுத்து அண்டாவில் அடித்து, "திருப்பு! முதல்லேர்ந்து!" என்றாள். அந்த ஊரில் ஒரு பாட்டுக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது, மறுபடி முதலிலிருந்து பாடச் சொல்வதுதான். இன்னும் பத்துப் பேர் கத்தினார்கள், பிறகு ஐம்பது பேர். பிடிக்காதவர்கள் அதைவிடப் பலமாக ஊளையிட்டார்கள். ஒரு பாதிக்கும் இன்னொரு பாதிக்கும் வாய்ச்சண்டையே வந்துவிட்டது. ஒரு பெண் தன் புருஷனின் வாயைக் கையால் பொத்தினாள். ஃபிட்ஸ்ராய் என்ன செய்ய என்று பார்த்தார். மெர்லீன் ஒரு விரலைத் தூக்கிச் சுற்றிக் காட்டினாள். முதலிலிருந்து பாடினாள்.

மேடைக்குப் பின்னால் பின்னக் காத்துக்கொண்டிருந்தார். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருபது வருஷம். நான் கட்டினத ஒரு மத்தியானத்துல இடிச்சுட்ட."

"நீ கட்டினது ரெக்கார்டு, டட்லி. தொண்ட என்னுது."

அவள் அவரை நீ என்று சொன்னதும் பேர் சொன்னதும் அதுதான் முதல் தடவை. அவருக்கு அது கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"இனிமே இந்தத் தீவுல உனக்கு மேடையே கெடையாது, பாத்துக்க."

"தீவு என்ன, உங்கப்பா வாங்கிப் போட்டதா?" என்று கேட்டுவிட்டு அவள் ஃபிட்ஸ்ராயின் வண்டியில் போய் ஏறினாள். கிங்ஸ்டன் போகிற வழியில் ஸ்பானிஷ் டவுன் தாண்டினதும் அவள் அழுதாள். ஃபிட்ஸ்ராய் வண்டியை ஓரம் கட்டி, இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு வந்தார்.

பின்னக் சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே ரேடியோவில், பாவம், ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு மனசு சரியில்லை, நாம்தான் பொறுத்துப்போக வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். மெர்லீன் அந்த நிலையத்துக்கே போனாள். வாசலில் இருந்த காவல்காரர் அப்பாயின்ட்மென்ட் கேட்டார். என் மனசைப் பற்றிப் பேசினவர் என்னிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினாரா என்று கேட்டுவிட்டு, வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் மத்தியான நிகழ்ச்சி நடத்துகிறவரே வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

போன் மேல் போன் வந்தது. சிலர் அழுதார்கள், சிலர் திட்டினார்கள். மாண்டவில்லிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "நானும் மே பென்னுக்கு வந்திருந்தேம்மா. மன்னிக்கணும், ரொம்ப அசிங்கமா இருந்துச்சு" என்றார்.

"ஆமாங்க சார், அசிங்கமாத்தான் இருந்துச்சு" என்றாள் மெர்லீன். "மூணு வாரப் பழக்கம்தானே. அடுத்த தடவ இன்னும் நல்லா அசிங்கமாப் பாடறேன், கட்டாயம் வாங்க."

வாத்தியார் சிரித்துவிட்டார். வருகிறேன் என்றும் சொன்னார்.

ஆனாலும் பின்னக்கின் சொல்லுக்குப் பலம் இருந்தது. ஜூலையில் இருந்த கச்சேரி ரத்தாயிற்று, ஆகஸ்டில் இருந்ததும் ரத்தாயிற்று. அந்தக் கோடை முழுக்க மெர்லீன் பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். மெஷினை மிதித்துக்கொண்டே பாடினாள். பாடப் பாடக் குரல் மென்மையாகவில்லை, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. எங்கே ஒடியும், எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அந்தக் குரலுக்கென்றே ஒரு பாட்டும் எழுதினாள். முன்பெல்லாம் உயரத்தை வைத்துத்தான் வரி யோசிப்பாள். இப்போது கீழேயிருந்து யோசித்தாள்.

செப்டம்பரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் அதைப் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவு செய்த இளைஞன் நல்லவன்தான். கரகரப்பை மூடுகிற மாதிரி கொஞ்சம் எதிரொலி போடட்டுமா என்று கேட்டான். போட்டால் எழுந்து போய்விடுவேன் என்றாள் மெர்லீன். போடவில்லை. ரேடியோ அந்தப் பாட்டை வாரத்துக்கு ஒருதடவைகூடப் போடவில்லை. மினிபஸ் டிரைவர்கள்தான் போட்டார்கள். கிங்ஸ்டனிலிருந்து மே பென் போகிற பஸ்களில், கரும்பு வெட்டப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிற பெண்களும் தொண்டையைக் கரகரக்க வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து பாடினார்கள். அந்தக் குரலில் யார் வேண்டுமானாலும் பாடலாம் போல இருந்தது.

டிசம்பரில் போர்ட் அன்டோனியோவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். பெரிய கச்சேரி இல்லை, கடற்கரை ஓரம், முந்நூறு நாற்காலி. மேடையில் பேர் சொல்லி அழைக்கிறவன் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஓடி வந்தான். நோயை வென்று திரும்பி வந்த வீராங்கனை என்று அதில் எழுதியிருந்தான். சரியாக இருக்கிறதா என்று அவளிடம் படித்துக் காட்டினான்.

"திரும்பி வந்தேன்னு யாருப்பா சொன்னது? நான் எங்கயும் போகலையே" என்றாள் மெர்லீன். "பேர மட்டும் சொல்லு."

அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேரை மட்டும் சொன்னான். அவள் ஏறிப் போனாள்.